பெல்லட் மாறினால் பேரலைத் துடைக்க வேண்டுமா?

2008 ஆகஸ்ட் 11. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவர் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று. கடைசிக் குண்டு மிச்சமிருந்தபோது அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் 689.7 புள்ளிகளில் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹாக்கினென் 9.7. ஒருவருக்குத் தங்கம் கிடைத்தது, மற்றவர் வெண்கலத்துக்கு இறங்கினார். இலக்கின் நடுவிலிருந்து அளந்தால் அந்த 1.1 புள்ளி வித்தியாசம் வெறும் 2.75 மில்லிமீட்டர்.

இவ்வளவு நெருக்கத்தில் முடிவாகும் விளையாட்டில் சந்தேகத்துக்குத் தப்பும் பொருள் எதுவும் இல்லை. காலணியின் அடிப்பாகம், ஜாக்கெட்டின் பொத்தான், பெல்லட் டப்பாவின் பேட்ச் எண் என எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பார்கள். அப்படி ரேஞ்சுகளில் ஓயாமல் அலசப்படும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பெல்லட்டை விட்டு இன்னொரு பெல்லட்டுக்கு மாறும்போது பேரலைத் துடைக்க வேண்டுமா, வேண்டாமா? துடைத்தே ஆக வேண்டும் என்பவரும் தொடவே கூடாது என்பவரும் பக்கத்துப் பக்கத்து லேனில் நின்று சுடுகிறார்கள். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. இருவருமே அந்த நியாயத்தை அது போகும் தூரத்துக்கு மேல் இழுக்கிறார்கள்.

துடைக்கும் வழக்கம் ஏர் ரைபிளில் பிறந்ததல்ல, வெடிமருந்துத் துப்பாக்கியிலிருந்து வந்தது. பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிப் பேரலுக்குள் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமான ஊரில் துருப்பிடிக்க ஓர் இரவு போதும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. அதனால்தான் .303 ரைபிள் வைத்திருந்த சிப்பாய்கள் கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவினார்கள். நம்மூரில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘புல் த்ரூ’ கயிறும், அதன் கண்ணியில் மாட்டி இழுக்கும் ‘சிந்தி’த் துணியும் மறந்திருக்காது. சுட்டு முடித்ததும் துடைக்காமல் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தால் திட்டு விழும். அங்கே அந்தத் திட்டுக்குக் காரணம் இருந்தது.

ஏர் ரைபிளில் எரிவதற்கு எதுவும் இல்லை. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படைக்காக ஜிரார்டோனி செய்த காற்றுத் துப்பாக்கிக்கு அன்றைக்கு இருந்த பெரிய பெருமைகளில் இதுவும் ஒன்று. கரிமருந்துத் துப்பாக்கியைப் போலப் புகை கிளம்பாது, கரி அடைக்காது. அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் தங்களோடு ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள். கரியும் உப்பும் இல்லாத இடத்துக்கு, கரிக்கும் உப்புக்கும் ஏற்பட்ட வழக்கம் அப்படியே குடிவந்துவிட்டது என்பதுதான் துடைக்க வேண்டாம் என்பவர்களின் முதல் வாதம். வரலாற்றின்படி அது சரி. ஆனால் கரி இல்லை என்பதற்காக உள்ளே ஒன்றுமே படிவதில்லை என்று ஆகிவிடாது.

போட்டிக்கான பெல்லட் ஏறத்தாழ 0.53 கிராம் எடையுள்ள ஈயம். விட்டம் 4.5 மி.மீ. தலை தட்டையாகவும், இடை ஒடுங்கியும், பின்பக்கம் பாவாடை போல விரிந்தும் இருக்கும். தலை ஓரளவு பேரலைத் தொடும். பாவாடைதான் காற்றழுத்தத்தில் விரிந்து சுவரோடு இறுகி வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். மென்மையான உலோகம் உரசிக்கொண்டு போகும்போது அதன் துகள் கொஞ்சம் சுவரில் தங்கும். சில தயாரிப்புகளில் கிராஃபைட் பூச்சு இருக்கும், சிலவற்றில் லேசான எண்ணெய் அல்லது மெழுகு. அதிலும் கொஞ்சம் தங்கும். சில குண்டுகளில் ஒரு மெல்லிய படலம் உருவாகி, படிவதும் அடித்துச் செல்லப்படுவதும் சமமாகும் நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில்தான் பேரல் ஒவ்வொரு குண்டையும் ஒரே மாதிரி அனுப்பத் தொடங்குகிறது.

துடைக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம் இங்கிருந்து புறப்படுகிறது. பழைய பெல்லட்டின் ஈயக் கலவை வேறு, அதன் பூச்சு வேறு. அதன் மிச்சத்தின் மேல் புதிய பெல்லட்டைச் சுட்டால், தெரிவது புதியதன் குணமா, இரண்டும் கலந்த குணமா? சோதனை நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் பலகையைத் துடைத்துவிட்டுத்தானே எழுத வேண்டும் என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதம் நடைமுறையில் தலைகீழாகத் திரும்புகிறது. பழைய பெல்லட்டின் குரூப்பை, அதாவது தாளில் குண்டுகள் விழுந்த கொத்தின் அகலத்தை, அளந்தபோது பேரல் நூற்றுக்கணக்கான குண்டுகள் ஓடிப் படிந்த நிலையில் இருந்தது. புதிய பெல்லட்டுக்கோ இப்போதுதான் துடைத்த பேரல். இரண்டையும் ஒப்பிட்டால் புதியதற்குத்தான் அநீதி. சரி, இரண்டுக்கும் முன்னால் துடைப்போம் என்றால் ஒப்பீடு சமமாகிவிடும். ஆனால் அளப்பது போட்டியில் யாரும் சுடாத ஒரு நிலையை. போட்டி தொடங்கும் முன் தயாரிப்புக்கும் சரிபார்ப்புக்கும் 15 நிமிடம் உண்டு. அதற்குள் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும் 60 குண்டுகள். முதல் கணக்குக் குண்டு போகும்போதே பேரல் பழகியிருக்கும். பழகிய பேரலில் எது நன்றாகச் சுடுகிறது என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம்.

துடைத்த பேரலில் என்ன மாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உராய்வு மாறினால் வேகம் மாறும். 10 மீட்டர் ரைபிளில் பெல்லட் வாயை விட்டுப் புறப்படும் வேகம் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர். 172 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், இலக்கை அடைவதற்குள் ஏறத்தாழ 16.6 மி.மீ. கீழே இறங்கும். அதே குண்டு 167 மீட்டரில் போனால் இறக்கம் 17.6 மி.மீ. வித்தியாசம் 1 மி.மீ. கேட்கச் சின்னதுதான். ஆனால் 10 மீட்டர் இலக்கின் நடுப்புள்ளியே அரை மி.மீ. அகலம், நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். ஆக, வினாடிக்கு 5 மீட்டர் வேகம் ஆடினால், சரியாக நடுவில் விழ வேண்டிய குண்டுக்கு 0.4 புள்ளி நட்டம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 701.1 புள்ளிகளோடு வெண்கலம் வென்றபோது, நான்காம் இடத்தில் இருந்தவர் எடுத்தது 700.4. இடைவெளி 0.7.

நிலையாக 1 மி.மீ. கீழே விழுந்தால் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். துடைத்தபின் நடப்பது அதுவல்ல. முதல் குண்டு ஓரிடத்தில், ஐந்தாவது சற்று நகர்ந்து, பதினைந்தாவது இன்னும் நகர்ந்து விழும். படலம் மறுபடி சேரச் சேர விழும் இடமும் நகர்கிறது. சிலரின் பேரல் பத்துக் குண்டில் நிலைக்கு வரும், சிலருடையதற்கு முப்பது, நாற்பது ஆகும். நகரும் புள்ளியைத் துரத்திக்கொண்டு சைட்டைத் திருப்புபவர், பேரல் நிலைக்கு வந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். போட்டிக்கு முந்தின நாள் இரவு பேரலைத் துடைத்துவிட்டு மறுநாள் காலை ‘இன்னிக்கு என்னமோ சரியில்ல’ என்று கையைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இதை விளக்கும்போது தோசைக்கல்லைப் பழக்குவதுபோல என்பார்கள். ஒப்புமை பாதிதான் பொருந்தும். கல் பழகப் பழக மேம்பட்டுக்கொண்டே போகும். பேரல் ஒரு நிலையில் நின்றுவிடும். அதைத் தாண்டிப் படிவு கூடினால் கெடவும் தொடங்கும். ‘பத்து வருஷமா துடைச்சதே இல்ல, அப்படியே சுடுது’ என்று பெருமையடிப்பவர்கள் கவனிக்க மறப்பது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

இந்த விவாதத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரே சாட்சி ஃபெல்ட் துண்டு. பேரலின் அளவுக்கு வெட்டிய கம்பளி உருளை அது. பெல்லட்டைப் போலப் போட்டுக் காற்றால் தள்ளலாம், அல்லது நைலான் நூலில் கட்டி இழுக்கலாம். முதல் துண்டு விளிம்பெல்லாம் கறுத்து, நடுவில் சாம்பல் நிறமாக வரும். வரிப்பள்ளங்களின் தடம் அதன் பக்கவாட்டில் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். இரண்டாவது சற்று வெளுப்பாக வரும். மூன்றாவதிலும் சாம்பல் இருக்கும். வெள்ளையாக வரும்வரை விடமாட்டேன் என்று கிளம்பினால் பாக்கெட் காலியாகும். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் யாருக்கும் மனது கேட்காது. இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டா சுட்டோம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கறுப்பில் பெரும்பாலானது கிராஃபைட்டும் நுண்ணிய ஈயமும். குண்டு ஒரே சீராகப் போவதற்கு உதவிக்கொண்டிருந்த படலமே அதுதான். நிறத்தைப் பார்த்து எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்ல முடியாது; சுடும் திறனைக் கெடுத்ததா என்று அறவே சொல்ல முடியாது.

அதைச் சொல்லக்கூடியது தாளில் விழும் குரூப் மட்டும். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. துடைக்கும் முன் ஐந்து குண்டு, துடைத்தபின் ஐந்து குண்டு சுட்டுவிட்டு, ‘பாருங்க, எவ்வளவு இறுகிடுச்சு’ என்று தாளை நீட்டுவார்கள். புள்ளியியல் இதை ஏற்காது. குண்டுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, இயல்புப் பரவலில் சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஐந்து குண்டு குரூப்பின் அகலம் சராசரியாகத் திட்டவிலக்கத்தைப்போல 3.07 மடங்கு. ஆனால் ஒரு குரூப்புக்கும் இன்னொன்றுக்கும் இடையே அந்த அகலம் கால்பங்குக்கு மேல் ஏறி இறங்குவது சாதாரணம். சராசரி 8 மி.மீ. தரும் துப்பாக்கி, பெல்லட்டும் பேரலும் எதுவும் மாறாமலேயே, ஒரு முறை 6 காட்டும், அடுத்த முறை 10 காட்டும். நடுவில் ஒருவர் பேரலைத் துடைத்திருந்தால் 6-க்கான பெருமை துடைத்ததற்குப் போகும். துடைக்காமல் இருந்திருந்தால், துடைக்காததற்குப் போகும்.

எண்ணிக்கை மாறினாலும் குழப்பம்தான். மூன்று குண்டு குரூப்பின் சராசரி அகலம் 2.41 மடங்கு, பத்து குண்டுக்கு 3.81 மடங்கு. பழைய பெல்லட்டில் மூன்று, புதியதில் ஐந்து சுட்டு ஒப்பிட்டால், இரண்டும் சமமாக இருந்தாலும் புதியது கால்பங்குக்கு மேல் மோசமாகத் தெரியும். பேரல் சுத்தம் பற்றிய நம்பிக்கைகளில் பாதி இப்படிப் பிறந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

பெல்லட் மாறியதால் வரும் இயல்பான மாற்றத்தை அழுக்கின் தலையில் போடுவதும் நடக்கிறது. 0.45 கிராம் பெல்லட் 0.53 கிராம் பெல்லட்டைவிட வேகமாகப் போகும், சற்று மேலே விழும். தலையின் விட்டம் 4.49-லிருந்து 4.50-க்கு மாறினாலே சில பேரல்களில் குரூப்பின் வடிவம் மாறும். பேரலைப் பளபளவென்று துடைத்தாலும் இந்த மாற்றம் இருக்கத்தான் செய்யும். சைட்டைத் திருப்பிவிட்டு மேலே போக வேண்டிய விஷயம் இது.

துடைக்க வேண்டாம் என்ற தரப்புக்கும் பெல்லட் மாற்றத்தில் விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் தெளிவானது ஈயத்திலிருந்து ஈயமில்லாத பெல்லட்டுக்குப் போவது. அவை பெரும்பாலும் வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்டவை. வெள்ளீயம் தூய ஈயத்தைவிடக் கடினம், அடர்த்தி குறைவு. ஆகவே அதே அளவில் எடை குறையும், வேகம் கூடும், சுவரோடு உரசும் விதமே மாறும். மென்மையான ஈயப் படலத்தின் மேல் கடினமான உலோகம் ஓடும்போது நிலை வருவதற்கு நேரம் பிடிக்கும். இங்கே ஒரு முறை துடைத்துவிட்டுத் தொடங்குவதில் பொருள் இருக்கிறது. எண்ணெய் பூசிய பெல்லட்டிலிருந்து உலர்ந்த பெல்லட்டுக்கு மாறுவதும் இதே கணக்கு. எண்ணெய்ப் பிசுக்கு சில குண்டுகளோடு போய்விடுவதில்லை.

வேகம் கூடிய துப்பாக்கிகள் தனி உலகம். அழுத்தக் காற்று சிலிண்டரோடு வினாடிக்கு 270, 280 மீட்டருக்கு மேல் தள்ளும் வேட்டைத் துப்பாக்கிகளிலும், இடை ஒடுங்காமல் நீண்ட உருளையாக இருக்கும் ஸ்லக் குண்டுகளிலும் உரசும் பரப்பும் வேகமும் அதிகம். ஈயம் திட்டுத் திட்டாகப் படியும். அவற்றைச் சுடுபவர் சில நூறு குண்டுக்கு ஒரு முறை துடைப்பது சகஜம். அவர் சொல்லும் அறிவுரையைப் போட்டி ரைபிள் வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். புதிதாக வாங்கிய பேரலும் விலக்குதான். தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு எண்ணெயும் கடைசல் தூளும் உள்ளே இருக்கும். முதல் நாளே துடைத்துவிடுவது நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மாதக்கணக்கில் சுடாமல் பெட்டியில் வைக்கும் துப்பாக்கிக்கு எண்ணெய் காட்டிய துணியை இழுத்து வைப்பதும், மறுபடி சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுப்பதும் அவசியம். ஆனால் இது துருவுக்கான வைத்தியம். பெல்லட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

துடைப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது என்று நினைப்பவர்கள், துடைக்கும் விதத்தால் கெட்ட பேரல்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். பேரலின் வாய் விளிம்பு மிகத் துல்லியமாக வெட்டப்பட்டது. குண்டு பேரலோடு கடைசியாகத் தொடர்பு விடும் இடம் அது. முன்பக்கமிருந்து இரும்புக் கம்பியை விட்டு ஆட்டினால் அந்த விளிம்பின் ஒரு பக்கம் தேயும். அதன்பின் எந்த பெல்லட்டும் பழையபடி விழாது. மெருகூட்டும் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது வெகு சிலருக்கு உதவியிருக்கலாம். பழகாத கைக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஆபத்து வேறு மாதிரி. பிஸ்டன் காற்றை ஒரு நொடியின் சிறு பங்கில் நசுக்கும்போது அது கடுமையாகச் சூடேறும். சுத்தம் செய்யப் போட்ட பெட்ரோலியக் கரைப்பானோ எண்ணெயோ பின்வழியாக அறைக்குள் கசிந்திருந்தால் தீப்பற்றும். ‘டப்’ என்ற பெரிய சத்தமும், வாயிலிருந்து நீலப் புகையும் வரும். இதைத்தான் டீசலிங் என்கிறார்கள். குண்டு வேகமாகப் போகிறதே என்று சிலர் மகிழ்வதும் உண்டு. பிஸ்டனின் சீல் போனபின் மகிழ்ச்சி நிற்காது. சிலிண்டர் துப்பாக்கியின் ரப்பர் வளையங்களுக்கும் அதே கரைப்பான்கள் எமன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கறுத்த ஃபெல்ட் துண்டில் ஈயம் இருக்கிறது. உடலுக்கு இவ்வளவு ஈயம் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் ஏற்கவில்லை. பயிற்சி முடித்த பிள்ளைகள் துண்டைக் கையால் பிதுக்கிப் பார்த்துவிட்டு அதே கையால் பிஸ்கட் தின்பது பல ரேஞ்சுகளில் காணக்கூடிய காட்சி. துடைக்கும் முன் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதிசெய்வதும், துடைத்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் வாதத்துக்கு இடமில்லாதவை.

ஆக, ஈயத்திலிருந்து ஈயத்துக்கு, ஏறத்தாழ அதே வகைப் பூச்சுள்ள பெல்லட்டுக்கு மாறும்போது பேரலைத் துடைக்கக் காரணம் இல்லை. பழைய மிச்சத்தைப் புதிய குண்டுகளே துடைத்துக்கொண்டு போகும். மிச்சத்தால் பாதிப்பு உண்டா என்ற சந்தேகம் தீராதவர்களுக்குத் துடைக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. முதலில் பழையது பத்து, பின் புதியது இருபது, அடுத்துப் பழையது இருபது, மறுபடி புதியது இருபது என்று மாற்றி மாற்றிச் சுட வேண்டும். கடைசி மூன்று சுற்றிலும் முதல் பத்தைத் தனித் தாளிலும் பின் பத்தை வேறு தாளிலும் வாங்க வேண்டும். மிச்சம் தொல்லை தருகிறது என்றால், முதல் பத்தும் பின் பத்தும் விழும் இடத்தில் புதியதன் இரு சுற்றிலும் ஒரே திசையில் வித்தியாசம் தெரியும். தெரியவில்லையென்றால் ஃபெல்ட் வாங்கும் காசு மிச்சம்.

வழக்கமான பெல்லட்டிலேயே பத்து குண்டு குரூப்புகள் தொடர்ந்து பெரிதாகிக்கொண்டு வந்தால், ஸ்டாக்கின் திருகும் சைட்டும் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்போது துடையுங்கள். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, உலர்ந்த ஃபெல்ட் இரண்டு அல்லது மூன்று. அதற்குமேல் வேண்டாம். போட்டி நெருங்கும் வாரத்தில் அதுவும் வேண்டாம். அடுத்த முறை புதிய டப்பாவைத் திறக்கும்போது முதல் முப்பது குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுவிட்டு, முப்பத்தொன்றிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.